பலகையில் நட்ட கால்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு சரி. அதற்கப்புறம் பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று குறுக்கே வந்து நிற்கும், பாதி மறந்தும் போச்சு. கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதனால்தான் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் மனசில் வைக்காதீர்கள்.

போன வாரம் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது நம்மில் ஒருவர், பேரனோடு போன இடத்தில் ஒரு மிஷின் பார்த்ததாகச் சொன்னார். கண்ணாடிக்கு உள்ளே இரும்புக் குண்டு ஓடுகிறதாம், மணி அடிக்கிறதாம், விளக்கு எரிகிறதாம். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள்.  எனக்கு வீட்டுக்கு வந்த பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. அப்படி ஒரு மிஷினோடு நான் ஏறக்குறைய ஒரு வருஷம் குடியிருந்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். ஊரில் அஞ்சாவது முடித்ததும் என்னைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தி.நகரில், பனகல் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் பெரியப்பாவுக்குப் பாத்திரக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. "மதினிக்குத் துணையா இவ இருக்கட்டும்" என்று அப்பா சொன்னார். இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகப் பேச்சு. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். அப்பாவுக்கும் இளையவர், கல்யாணம் ஆகாதவர். ஊரில் உப்பளத்தில் மேற்பார்வைக்குப் போட்டிருந்தார்கள். அந்த வெள்ளை வெயில் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, தூங்கினாலும் போகமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டு ரயில் ஏறி வந்துவிட்டார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கடையில் பாத்திரம் அடுக்கச் சொன்னால் அடுக்குவார், ஆனால் கால் ஒரு இடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் முட்டி ஆடும். சாப்பிடும்போதுகூடத் தெருவைப் பார்த்துத்தான் உட்காருவார்.

அந்தச் சமயத்தில் அடையாறு பக்கம் ஒரு கிளப்பை மூடினார்கள். அங்கே சமையல்கட்டில் இருந்த பித்தளை அண்டா, குத்துப்போணி எல்லாம் ஏலத்துக்கு வந்தது. பெரியப்பா மொத்தமாக எடுத்தார். அண்டாவோடு ஒட்டிக்கொண்டு இந்த மிஷினும் வந்தது. இது வேண்டாமென்றால் அண்டாவும் கிடையாது என்று சொன்னார்களாம். மாட்டு வண்டியில் அண்டாக்களுக்கு நடுவில், கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கினது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா கோணியைத் தூக்கிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் முட்டி ஆடாமல் நின்றதைப் பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கட்டில் அளவு பெட்டி, நாலு இரும்புக் காலில் நிற்கும். மேலே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே சாய்வாக ஒரு ஒட்டுப்பலகை. அதில் குதிரைமேல் நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், மஞ்சளும் சிவப்புமாக. ஒரு கம்பியை இழுத்து விட்டால் நெல்லிக்காய் அளவு குண்டு மேலே ஓடும். திரும்பி உருண்டு வரும்போது கீழே துடுப்பு மாதிரி இரண்டு சின்னத் தட்டி இருக்கும், பெட்டியின் பக்கத்தில் பட்டன். பட்டனை அமுக்கித் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் குண்டு குழியில் விழுந்துவிடும். பலகை முழுக்க அங்கங்கே சுண்டுவிரல் உயரத்துக்கு வெள்ளை முளைகள் நட்டு, அதற்கு ரப்பர் வளையம் மாட்டியிருக்கும். குண்டு அதில் மோதித்தான் துள்ளும். சித்தப்பா அதைப் போஸ்ட் என்பார். பெரியம்மா கால் என்பாள்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர் வந்து ஒயர் எல்லாம் சரி பண்ணினார். வாயில் வெற்றிலை, காதில் பென்சில். முளைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, போஸ்ட்டெல்லாம் ஆடிக்கினு கீது. ஆடுற போஸ்ட் சுத்தியும் பலகையைத் தின்னும். டைட்டா வச்சுக்கோ."

"எவ்வளவு டைட்டா?"

"கல்யாண மோதிரம் மாதிரி."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே."

"அப்ப கஷ்டம்தான்" என்றார் அவர், சிரிக்காமல்.

கடை முகப்பில் மிஷினைப் போட்டார்கள். பக்கத்தில் கலர், சோடா. பெரியப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "ஏல, பங்குனி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நீ இந்தப் பலகையை ஒடச்சு விறகாக்கினேன்னு வையி, நீ உப்பளத்துக்குப் போய் நில்லு. நான் அண்டா வாங்கப் போனவன், ஆட்டம் நடத்தப் போனவனில்ல."

பெரியம்மாவுக்கு மட்டும் மிஷின் வந்ததில் சந்தோஷம். சித்தப்பாவை அவள் கையில் வைத்து வளர்த்தவள். அவர் ஊருக்குப் போகக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்குமுன் தராசு, இரும்புப் பெட்டி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். இதையும் சேர்த்துக்கொண்டாள். சித்தப்பா கண்ணாடியைத் தூக்கி வைப்பார். நான் கிண்ணம் பிடிப்பேன். பெரியம்மா ஒவ்வொரு முளையின் அடியிலும் மஞ்சள் தண்ணீர் கொஞ்சம் விட்டு, சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்பாள். கைவளையல் பலகையில் படாமல் முழங்கைக்கு ஏற்றிக்கொள்வாள்.

"மேல வச்சா போதாதா பெரியம்மா?"

"நட்ட கால்னா அடியிலதாண்டி ஊத்தணும். உனக்கு என்ன தெரியும்."

பிறகு சித்தப்பா ஈரத்துணியால் துடைத்துக் கண்ணாடியைப் போடுவார். அவ்வளவுதான். தெருவில் எந்தக் கடையில்தான் அது நடக்கவில்லை? யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

சாயங்காலமானால் கூட்டம் வரும். எனக்குக் கிட்டே போக அனுமதி இல்லை. நடைக்கதவு இடுக்கில் நின்றுதான் பார்ப்பேன். மணிச்சத்தம் கேட்டால் அடுப்படியில் கை வேலை ஓடாது. நந்தனம் கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வருவார்கள், பெட்டியை இடுப்பால் இடிப்பார்கள். எதிர்த்த தையல்கடைக்காரர் வருவார். அப்புறம் ஒரு பஸ் கண்டக்டர், வேலை முடிந்து தோல்பையோடு. அவர்தான் நன்றாக ஆடுவார். சத்தமே இருக்காது. விரல் மட்டும் அசையும். அவர் ஆடும்போது பெரியப்பாகூட ஒரு சொம்பைக் கையில் எடுத்துத் துடைக்கிற சாக்கில் வந்து நிற்பார்.

கார்த்திகைக்கு அப்புறம்தான் முளைகளைச் சுற்றிப் பெயின்ட் வெடிக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு தலைமுடி மாதிரி கோடு. பிறகு நகக்கண் அளவுக்கு மஞ்சள் கிளம்பி, கீழே மரம் தெரிந்தது. குதிரையின் வால் பக்கத்தில்தான் அதிகம். சித்தப்பா முகம் கறுத்துப்போனது. ரிப்பேர்க்காரர் சொன்னது ஞாபகம் வந்து, தினம் காலையில் திருப்புளியை எடுத்து எல்லா ஸ்க்ரூவையும் ஒரு முறுக்கு முறுக்கினார். அதிலும் பலகை அமுங்கிச் சுற்றிலும் வளையம் விழுந்தது. ரப்பர் வளையங்கள் மெட்ராஸ் வெயிலில் இற்றுப்போனதால் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினார். குண்டு அதில் மோதினால் தொப்பென்று ஒரு சத்தம், துள்ளாது. ஆடுகிறவர்கள் முணுமுணுத்தார்கள்.

பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார். "இடிக்கானுவ பாரு, அதான். காலிப்பயலுவளை உள்ள விட்டா பலகை என்னாத்துக்கு ஆகும்?"

சித்தப்பாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. முதலில் கல்லூரிப் பையன்களை வரவேண்டாம் என்றார். அப்புறம் தையல்கடைக்காரர் ஒரு வேலை பண்ணினார். கண்ணாடியைத் தூக்கியிருந்த நேரம் பார்த்து, கேரம் போர்டுக்குப் போடுகிற பவுடரை உள்ளே தூவிவிட்டார்.

"இன்னாபா மொறைக்கிற? கேரமுக்குப் போடுறோம்ல. இப்ப பாரு, சும்மா வழுக்கிக்கினு போவும்."

குண்டு வழுக்கத்தான் செய்தது. மணி அடிக்கும்போதெல்லாம் வெள்ளையாகப் புகைந்தது. அந்தப் பவுடர் குண்டோடு சேர்ந்து பலகையை அரம் போட்ட மாதிரி தேய்த்தது. சித்தப்பா அவரையும் வெளியே போகச் சொன்னார். எதிர்க்கடை என்பதால் அந்தச் சண்டை மாசக்கணக்காக ஓடியது. எங்கள் ரவிக்கையெல்லாம் தைக்கப் பாண்டிபஜார் வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

அப்படியும் வெடிப்பு நிற்கவில்லை. சித்தப்பா ஆடுகிறவர்கள் தோளுக்குப் பின்னாலேயே நிற்க ஆரம்பித்தார். குண்டு ஒரு முளையில் பலமாக மோதினால் இவர் உடம்பு தூக்கிப்போடும். பின்னால் ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டு நின்றால் யார் ஆடுவார்கள்? கடைசியில் மிச்சம் இருந்தது கண்டக்டர்தான். அவரையும் ஒரு நாள் சந்தேகப்பட்டார்.

"நீங்க குண்டை ரொம்ப வேகமா விடுதீங்க."

"பட்டனைத் தவிர நான் எதையும் தொடலையேங்க" என்றார் அவர்.  கண்டக்டர் சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு, தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவர் குனிந்து படி இறங்கியதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ போலிருக்கிறது. ஒரு பாவமும் அறியாத மனுஷன்.

மாசியில் மிஷினுக்குள் ஏதோ கம்பிச்சுருள் கருகிவிட்டது. ரிப்பேர்க்காரர் கழற்றி மயிலாப்பூருக்கு எடுத்துக்கொண்டு போனார். "இந்தா வந்துக்கினே கீறேன்" என்றவர் வெகு நாள் வரவில்லை. மிஷின் சும்மா கிடந்தது. விளக்கில்லை, மணியில்லை, குண்டு ஓடவில்லை. வீடு முழுக்க அமைதி. அந்த அமைதிதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. பெரியம்மா வெள்ளிக்கிழமையை மட்டும் விடவில்லை. மிஷின் சீக்கிரம் ஓடட்டும் என்று தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. சித்தப்பா கண்ணாடியைத் தூக்கினவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். முந்தின வாரம் நன்றாக இருந்த ஒரு முளையைச் சுற்றிப் பெயின்ட் புதிதாக உப்பியிருந்தது. மழை இல்லை. யாரும் ஆடவில்லை. ஒரு குண்டுகூட உருளவில்லை. பெரியம்மா வளையலை ஏற்றிக்கொண்டு கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். சித்தப்பா அவள் கையைப் பார்த்தார். மஞ்சள் தண்ணீர் முளையின் அடியில் போய், இடுக்கில் இறங்கி, காணாமல் போனதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரல் வைத்தார்.

"மதினி, கொஞ்சமா வைங்களேன்."

"கொஞ்சமா வச்சா கொஞ்சமாத்தான்லே வரும்."

அவர் அதற்குமேல் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று எனக்கு அந்த வயசிலேயே கொஞ்சம் தெரியும். எங்கள் சொந்தத்தில் பெரியம்மா கை வைத்தது விளங்காது என்று ஒரு பேச்சு இருந்தது. பிள்ளைகள் தங்கவில்லை அல்லவா, அதை வைத்து. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அவள் பக்கத்தில் வந்தால் தட்டை வேறு கைக்கு மாற்றிக்கொள்வார்கள். அவள் சந்தனம் வைத்துத்தான் மிஷின் கெட்டது என்று சித்தப்பா சொன்னால் அது ஊர் வரைக்கும் போகும். சொல்லாவிட்டால் அவர் உப்பளத்துக்குப் போக வேண்டும். பங்குனிக்கு அதிக நாள் இல்லை. நடைக்கும் கடைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். பெரியம்மா, "உக்காருலே, எனக்குத் தலை சுத்துது" என்று சத்தம் போட்டாள்.

பிறகு அவரே ஒரு வழி பண்ணினார். தெருமுனை டாக்டரின் கம்பவுண்டரிடம் போய், யாரும் வாங்கிக்கொண்டு போகாத பழைய எக்ஸ்ரே படங்களைக் கேட்டு வாங்கிவந்தார். கொல்லையில் வாளியில் வெந்நீரும் சோடா உப்பும் போட்டு, நானும் அவரும் தேங்காய் நாரால் தேய்த்தோம். யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் கறுப்பாகக் கரைந்து என் விரலிடுக்கில் வழிந்தன. ஒரு மாதிரி நாற்றம். தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி மாதிரி ஆயிற்று. அதில் முளையின் பாதத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக வட்டம் வட்டமாக வெட்டினார். நடுவில் ஓட்டை போட்டது செருப்பு தைக்கிறவர். பழைய வெடிப்புகளில் நகப்பூச்சை விட்டுக் காயவைத்தார். பிறகு ஒவ்வொரு முளையையும் கழற்றி, அடியில் அந்த வட்டத்தை வைத்து, திரும்ப மாட்டினார். இந்தத் தடவை பலம் கொடுத்து முறுக்கவில்லை. திருப்புளி தானாக நின்ற இடத்தில் விட்டுவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியம்மா கேட்டாள், "இதென்னலே காலுக்கடியில?"

"மணை, மதினி. கால் மணைமேல நிக்குது."

பெரியம்மா சந்தனம் வைத்தாள். அது அந்த வட்டத்தின் மேலேயே நின்றது, உள்ளே இறங்கவில்லை. அவள் விரலால் ஒரு முளையைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். நகப்பூச்சின் மேடு தட்டுப்பட்டிருக்கும். கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மிச்ச முளைகளுக்கு வைக்கவில்லை. நான் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

பங்குனி பிறந்தது. ரிப்பேர்க்காரரும் ஒருவழியாக வந்து கம்பிச்சுருளை மாட்டிவிட்டுப் போனார். ஒரு காலையில், கடைக்கதவை இன்னும் முழுக்கத் திறக்கவில்லை, பெரியப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் வந்தார். கண்ணாடியை எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு முளையாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார். குதிரையின் வால் இருந்த இடத்தில் பாதிக்குமேல் மரம்தான் தெரிந்தது. வெளிச்சம் அங்கேயே நின்றது.

"எல்லாவனையும் வெரட்டின பொறவு இது எவன் பண்ணினது?"

"நான்தான்" என்றார் சித்தப்பா. "ஸ்க்ரூவை ரொம்ப முறுக்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"சரி. ஞாயித்துக்கிழமை ரயிலுக்குக் கிளம்பு."

சித்தப்பா தலையை ஆட்டினார். முட்டி ஆடவில்லை. நான் நடைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னாலிருந்து பெரியம்மா என்னை ஒதுக்கிவிட்டுக் கடைக்குள் போனாள். வெள்ளிக்கிழமை பூஜையைத் தவிர அவள் கடைக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

"அவன் முறுக்கினதில்ல" என்றாள். "நான் ஊத்தின தண்ணி."

பெரியப்பா டார்ச்சை அவள் பக்கம் திருப்பினார், பிறகு சட்டென்று கீழே இறக்கினார். "என்ன தண்ணி?"

"மஞ்சத் தண்ணி. வாரா வாரம். பலகை ஊறி உப்பிட்டு. அவனுக்குத் தெரியும், என்கிட்ட சொல்லலை."

"ஆட்ட மிஷினுக்கு எதுக்குட்டி மஞ்சத் தண்ணி?"

"கால் நட்டா ஊத்துவாங்கல்லா?" பெரியம்மா குரலை உயர்த்தவில்லை. "நம்ம குடும்பத்துல எத்தனை கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாங்க. ஒண்ணுக்காவது என்னைக் கூப்பிட்டாங்களா?"

 தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். பெரியப்பா டார்ச்சை அணைத்தார். அணைத்ததை மறுபடி போட்டு, மறுபடி அணைத்தார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவிடம், "கண்ணாடியைப் போடுலே" என்றார். "சாயங்காலம் அந்தக் கண்டக்டரைப் போய்க் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

கல்லாப் பக்கம் நடந்தவர் நின்று, திரும்பாமலே பெரியம்மாவிடம் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வந்து வையி. காஞ்ச குங்குமமா வையி."

எனக்கு ஞாபகம் இருக்கிறது இவ்வளவுதான். ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் பலகை கெடவே இல்லை. அது அந்தப் பிலிம் வட்டத்தால் நின்றதா, இல்லை தண்ணீர் ஊற்றாததால் நின்றதா? அப்படிப் பிலிம் வைப்பது உண்டா, நான் வரிசை மாற்றி எழுதிவிட்டேனா என்றும் சந்தேகமாக இருக்கிறது. உங்களில் யாருடைய பிள்ளையாவது இந்த மாதிரி மிஷின் பழுது பார்க்கிறவனாக இருந்தால், இதைப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுச் சொல்லுங்கள். தப்பாக இருக்கிற இடத்தைத் திருத்திவிடுங்கள். பெரியம்மா சொன்னதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.